ஒன்பது பாடாணமும் ஒரு சிவப்புச் சிப்பும்

பழனி தண்டாயுதபாணியின் மூலவர் திருமேனியைச் சிற்பி யாரும் உளி பிடித்துச் செதுக்கவில்லை, போகர் என்ற சித்தர் ஒன்பது பாடாணங்களைக் கட்டி உருவாக்கினார் என்பது மரபு. பாடாணம் என்றால் நஞ்சு. அந்த ஒன்பது எவை என்ற பட்டியல் நூலுக்கு நூல் மாறும். லிங்கம், கெந்தகம், மனோசிலை, அரிதாரம், கௌரி, வெள்ளை என்ற பெயர்கள் அடிக்கடி அடிபடும். பச்சையாகத் தின்றால் ஆளைச் சாய்த்துவிடக்கூடிய சரக்குகள், பக்குவம் தெரிந்தவர் கையில் சேர்ந்தால் மருந்தாகும் என்பது சித்த வைத்தியத்தின் அடிப்படை. அந்தத் திருமேனியைத் தொட்டு வழிகிற பாலுக்கும் இரவில் சாத்தி விடியலில் எடுக்கிற சந்தனத்துக்கும் நோய் தீர்க்கும் குணம் உண்டென்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது. யோசித்துப் பார்த்தால் இது துணிச்சலான கதை. ஒரு மனிதர் கல்வத்தில் அரைத்து, புடம் போட்டு, கடவுளைச் செய்திருக்கிறார். பக்தர்கள் யாரும் இதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. கோயில் பிரகாரத்திலேயே போகரின் சமாதியும் இருக்கிறது. சாமியைக் கும்பிட்ட கையோடு சாமியைச் செய்தவரையும் கும்பிட்டுவிட்டுப் படியிறங்குகிறார்கள். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் ஆய்வறையில் உயிரைப் படைத்தவன் அந்தப் படைப்பாலேயே அழிகிறான். மேற்கத்திய அறிவியல் புனைவு அந்தக் குற்ற உணர்வில் கருக்கொண்டது. நம்மிடமோ ஆய்வறையில் பிறந்த தெய்வத்துக்கு ஆறுகாலப் பூஜை நடக்கிறது.

அறிவியல் புனைவுப் படங்களில் சமயக் குறியீடுகள் எதற்கு வருகின்றன என்ற கேள்வியைப் பழனி மலை அடிவாரத்தில் நின்று கேட்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். ஹாலிவுட்டின் விடை பழகிப்போன ஒன்று: வருவான் ஒரு மீட்பன். 1951இல் வந்த ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் வேற்றுக்கிரகவாசி பூமியில் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயர் கார்ப்பென்டர், அதாவது தச்சன். கொல்லப்பட்டு மீண்டும் எழுகிறான். 1999இன் ‘தி மேட்ரிக்ஸ்’ நாயகனும் செத்துப் பிழைக்கிறான். உடன் இருப்பவள் பெயர் ட்ரினிட்டி, காக்க வேண்டிய நகரத்தின் பெயர் சயான். அந்தத் தொடரின் மூன்றாம் படத்தின் முடிவில் உபநிடத மந்திரமும் ஒலிக்கிறது. கடையில் எல்லாச் சரக்கும் இருக்கட்டும் என்ற வியாபாரப் புத்தியாக இருக்கலாம். அங்கே குறியீடு முன்னோக்கிப் பார்க்கிறது. நம் படங்களில் அது பின்னோக்கிப் பார்க்கிறது: மூதாதையின் மரபணு, சோழர் காலத்துச் சிலை, காலபைரவர். இந்த வேறுபாட்டைப் பலரும் சொல்லியாயிற்று. இதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. நம் முக்கியமான அறிவியல் புனைவுப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு நஞ்சைப் பற்றியவை. நஞ்சை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சித்தர்களிடம் ஒரு சொல் இருந்தது: கட்டு. ரசத்தைக் கட்டுவது என்றால் ஓடுகிற பாதரசத்தை ஓடாமல், ஆவியாகாமல் மணியாக நிறுத்துவது. நஞ்சைத் தூக்கி எறிவதில்லை, அதையே நிலைமாற்றுகிறார்கள். நம் படங்கள் சித்தரின் வேடத்தையும் பெருமாளின் சிலையையும் கடன் வாங்கின. கட்டுகிற முறையை வாங்க மறந்துவிட்டன.

இதைச் சொல்வதற்கு முன் போகரைப் பற்றிய வம்பு ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். போகர் ஏழாயிரம் என்று வழங்கும் நூலில் அவர் சீனத்துக்குப் போகிறார், வானில் பறக்கிறார், புகை கக்கும் கப்பலும் வருகிறது. வாயில் அடக்கிக்கொண்டால் ஆகாயத்தில் கொண்டுபோகும் ககனக் குளிகை வருகிறது. இதைக் காட்டி, விமானத்தை அன்றே கண்டுபிடித்துவிட்டோம் என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. இன்று நமக்குக் கிடைக்கும் பாடல்களின் மொழிநடை பிற்காலத்தது என்று அறிஞர்கள் காட்டினால் அவர்களுக்குக் கோபம் வரும். எனக்கு இரு தரப்பும் ஒரே தவற்றைச் செய்வதாகத் தோன்றுகிறது. இருவருமே அந்த நூலைக் காப்புரிமை விண்ணப்பமாகப் படிக்கிறார்கள். ஒருவர் ஏற்கிறார், ஒருவர் நிராகரிக்கிறார். அதை அறிவியல் புனைவாகப் படித்தால் என்ன? கூடுவிட்டுக் கூடு பாய்ந்த திருமூலர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கண்ணீர் விடுகின்றன. அதைக் காணப் பொறாத யோகி தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு அவன் உடலுக்குள் நுழைகிறார். மாடுகளை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பினால் பழைய உடலைக் காணோம். 2009இல் ‘அவதார்’ படத்தில் ஜேக் சல்லி படுக்கையில் படுத்தபடி நீல உடலுக்குள் போனபோது உலகம் வாயைப் பிளந்தது. நமக்கு அது பெரியபுராணத்துச் சங்கதி. இப்படிச் சொல்வது பக்தியைக் குறைப்பதாகும் என்பார்கள். புனைவு என்றால் பொய் என்று வைத்துக்கொண்டால்தான் அது குறைவு. பால் காவடியும் பன்னீர்க் காவடியும் சுமந்து பழனி ஏறுகிறவர் எவரும் ஆய்வகச் சான்றிதழ் கேட்டதில்லை.

இப்போது ‘ஏழாம் அறிவு’. ஏ.ஆர். முருகதாஸ் இயக்கி 2011 தீபாவளிக்கு வந்த படம். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசன் போதிதர்மன் சீனத்துக்குப் போகிறான், கொள்ளைநோயைத் தீர்க்கிறான், தற்காப்புக் கலை கற்பிக்கிறான். அவன் ஊருக்குத் திரும்பப் புறப்படும்போது, அவன் உடல் தங்கள் மண்ணில் புதைக்கப்பட்டால் நோய் அண்டாது என்று நம்பி அந்த மக்கள் சோற்றில் விஷம் வைக்கிறார்கள். அவனுக்கு அது தெரிகிறது. தெரிந்தே வாங்கிச் சாப்பிடுகிறான். சூர்யாவின் முகத்தில் அந்த இடத்தில் கோபமோ தியாகப் பெருமிதமோ இல்லை. கேட்டார்கள், கொடுத்தாயிற்று என்பது போன்ற ஓர் அமைதி. நஞ்சு ஓர் உடலுக்குள் போய் ஊருக்கே மருந்தாகிறது. நவபாடாணத்தின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாகத் திரையில் காட்டியவர் யாருமில்லை. அத்தோடு படம் முடிந்திருந்தால் அது ஒரு மகத்தான குறும்படம். அதற்குப் பிறகு நிகழ்காலம் வருகிறது; சீனத்து ஒற்றன் நோய்க்கிருமியோடு சென்னைக்கு வருகிறான்; சர்க்கஸ் கலைஞனின் மரபணுவில் உறங்கும் போதிதர்மனை ஆராய்ச்சி மாணவி எழுப்புகிறாள். மரபணுவில் வைத்தியமும் வர்மமும் பதிந்திருக்குமா என்று உயிரியல் ஆசிரியர் கேட்பார். அதை விடுங்கள், குளிகையை ஒப்புக்கொண்டவன் இதையும் ஒப்புக்கொள்ளலாம். என் ஆட்சேபம் வேறு. முற்பாதியில் உள்ளே போன நஞ்சு பிற்பாதியில் எதிரியின் கைப்பொருளாகிவிட்டது. அறிவுக்குப் பட்டா கேட்கிறவன் நஞ்சுக்கு அயலூர் விலாசம் எழுதித்தான் ஆக வேண்டும். நம்முடையதைத் திருடினார்கள், நம்மை அழிக்க வருகிறார்கள் என்று கதை ஓடுகிறது. போகர் மரபு இந்த விஷயத்தில் எவ்வளவு தாராளமானது! போகரும் சீனத்துக்குப் போனவர்தான். அவர் சீனத்திலிருந்து இங்கே வந்தவர் என்று சொல்லும் கதையும் உண்டு. பழனியில் அது யாருக்கும் உறுத்துவதில்லை. தெய்வத்தைச் செய்தவர் சீனராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிற மனம் அந்தத் தொன்மத்தில் இருக்கிறது. பல கோடி செலவழித்த படத்தில் அது இல்லை.

‘தசாவதாரம்’ 2008இல் வந்தது. கமல்ஹாசன் எழுதி, கே.எஸ். ரவிகுமார் இயக்கியது. அதில் நஞ்சின் இருப்பிடம் இன்னும் விசித்திரமானது: உயிர்க்கொல்லிக் கிருமியின் குப்பி பெருமாள் விக்ரகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பழனியில் நஞ்சு விக்ரகமாகிறது, இங்கே விக்ரகம் நஞ்சுக்கு உறையாகிறது. 12ஆம் நூற்றாண்டில் ரங்கராஜன் நம்பி என்ற வைணவரைக் கோவிந்தராஜர் சிலையோடு பிணைத்துக் கடலில் மூழ்கடிக்கும் காட்சியில் தொடங்கும் படம், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் முடிகிறது. கடலின் உப்பு கிருமியைக் கொல்கிறது. சமயக் குறியீடு இங்கே வெறும் அலங்காரமாக நின்றுவிடாமல் கனமான கேள்வியாக மாறுகிறது. உலகை அழிக்கக்கூடிய கிருமியை ஒழிக்கக் கடவுள்தான் கடலை ஏவினார் என்றால், தமிழ்நாட்டுக் கரையில் மட்டும் போன ஏறக்குறைய 8,000 உயிர்களுக்குக் கணக்கு யார் சொல்வது? கடவுள் இல்லை என்று சொல்லவில்லை, இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் சொல்கிறேன் என்ற பொருளில் நாயகன் கடைசியில் பேசுவது பலருக்குச் சாமர்த்தியமான நழுவலாகப்பட்டது. எனக்கு அது நேர்மையான வாக்கியமாகவே படுகிறது. அந்தக் கரையில் நின்று அதற்கு மேல் எதைப் பேசினாலும் வாய்க்கொழுப்பு. ஆனாலும் படத்தின் அமைப்பில் நஞ்சு அமெரிக்க ஆய்வகத்தில் பிறந்து, விமானத்தில் வந்து, கடலில் கரைந்து போகிறது. அதை எவரும் கட்டவில்லை; அலை வந்து கழுவிவிட்டது.

இதெல்லாம் அதிகப்படியான வாசிப்பு, பெருமாளைக் காட்டினால் டிக்கெட் விற்கும், அதனால் காட்டினார்கள் என்று ஒரு நண்பர் மறுக்கலாம். மறுப்பு சரிதான், ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஏன் விற்கிறது என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டுமே. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அணுவும் அலைக்கற்றையும் புரியாவிட்டாலும் சிலை புரிகிறது. தயாரிப்பாளர் எந்த நோக்கத்தோடு வைத்தாலும் அது பார்வையாளரிடம் தன் பழைய வேலையைச் செய்துவிடுகிறது. வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) இதற்கு நல்ல சான்று. ஒரே நாளில் திரும்பத் திரும்பச் சிக்கும் அப்துல் காலிக், உஜ்ஜயினி காலபைரவர் கோயிலில் பிறந்தவன். காலச் சுழற்சிக்கு இயற்பியல் விளக்கம் சொல்லப் போனால் இரண்டு ரீல் போயிருக்கும். பைரவர் இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிறார். சோம்பேறித்தனமான உத்தி என்று தள்ளலாம். இஸ்லாமிய இளைஞனைக் காலத்தின் காவல் தெய்வம் காக்கிறது என்று சொல்லும்போது, மதக் கலவரத்தைத் தடுப்பதே கதையான படத்தில், அந்தச் சோம்பேறி உத்திக்கு எதிர்பாராத அர்த்தம் வந்துவிடுகிறது.

ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். அந்தப் படத்தின் எழுத்தில் சுஜாதாவின் கை உண்டு. படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே அவர் காலமாகிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த மின்னணுப் பொறியாளர், ஜீனோ என்ற எந்திர நாயைப் படைத்தவர், ஆழ்வார்களுக்கு அறிமுகமும் ‘கடவுள் இருக்கிறாரா’ என்றொரு நூலும் எழுதியவர். கடவுள் உண்டா என்று சிட்டி ரோபோவிடம் கேட்கும் காட்சியில் அந்தக் குறும்பு தெரிகிறது. கடவுள் என்றால் யார் என்று அது திருப்பிக் கேட்கிறது. நம்மைப் படைத்தவர் என்று பதில் வருகிறது. என்னைப் படைத்தவர் வசீகரன், ஆகவே கடவுள் உண்டு என்று முடித்துவிடுகிறது. கைதட்டலில் பலரும் கவனிக்காதது, இந்தத் தர்க்கத்தின் மறுபக்கம். வசீகரன் கடவுள் என்றால் கடவுளுக்குப் பொறாமை வரும், ஆத்திரம் வரும். வருகிறது. தன் காதலியைத் தன் படைப்பே விரும்புவதைப் பொறுக்காமல் அதைத் துண்டுதுண்டாக வெட்டிக் குப்பையில் போடுகிறான். அங்கிருந்துதான் படத்தின் வில்லன் போராவின் கைக்குப் போய், அதை அழிவுக்கருவியாக்கும் சிவப்புச் சிப் ஏறுகிறது. இந்தப் படத்தில் நஞ்சு வெளியூரிலிருந்து வரவில்லை. சிப்பைச் சொருகியது போராவாக இருந்தாலும் அது நுழைவதற்கு வழி திறந்தது படைத்தவனின் மனசு. பழனிக் கதையின் போகரும் படைத்தவர்தான், ஆனால் அவர் முதலில் கட்ட வேண்டியிருந்தது தன்னை. காயம் பக்குவப்படாதவன் பாடாணத்தைத் தொடக்கூடாது என்பது அந்த மரபின் நிபந்தனை. வசீகரன் தாடி வளர்த்தான், பத்து வருஷம் உழைத்தான், நிபந்தனையைப் படிக்கவில்லை.

அந்தப் படத்தின் உச்சம், நூறு சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் உருள்கிற சண்டைக்கு அப்புறம் வருகிறது. நீதிமன்றம் சிட்டியைப் பிரித்துவிடச் சொல்கிறது. சிட்டி தன்னைத் தானே கழற்றுகிறது. ஒவ்வோர் உறுப்பாக எடுத்து வைத்துவிட்டு, சுற்றி நிற்பவர்களிடம் ஒவ்வொருவராக விடைபெறுகிறது. மனிதர்களுக்குள்தான் எத்தனை சிவப்புச் சிப், நல்லவேளை நான் மனிதனில்லை என்ற பொருள்படப் பேசுகிறது. ரஜினிகாந்தின் குரலில் அப்போது பஞ்ச் வசனத்தின் முறுக்கு இல்லை. உடம்பு குறைந்துகொண்டே வர, பேசுகிற ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கிறது. கிறிஸ்தவக் கண்ணுக்கு இது சிலுவை மரணமாகத் தெரியலாம். எனக்குத் தெரிவது பழனி. மாங்கனிக்காக மயிலேறி உலகைச் சுற்றியவன், அம்மையப்பனைச் சுற்றிய அண்ணனிடம் தோற்று, அணிகளையெல்லாம் களைந்து, கோவணமும் தண்டுமாக மலைமேல் போய் நிற்கிறான். வேகத்தால் வெல்ல முயன்றவன் தோற்ற கதை அது. சகல ஆற்றலும் உள்ள சிட்டியும் கேட்டது கிடைக்காமல் போய், கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறது. சிவப்புச் சிப்பைப் பிடுங்கியதோடு விஷயம் முடிந்திருக்கலாம். பிடுங்கியபின் தானே தன்னை ஒடுக்கிக்கொண்டதில்தான் கட்டு இருக்கிறது. முருகன் படம் ஒன்றுகூடத் தேவைப்படாமல் ஒரு தமிழ்ப்படம் ஆண்டிக்கோலத்தைக் காட்டிவிட்டது.

பகுத்தறிவாளர் தரப்பின் மறுப்பு கடுமையானது, அதை எளிதில் கடந்துவிட முடியாது. அறிவியலையும் தெய்வத்தையும் இப்படிக் குழைத்துக் கொடுத்தால் ஜனங்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள், போலி மருத்துவனுக்குக் கொண்டாட்டமாகிவிடும் என்பது அவர்கள் வாதம். உண்மைதான், நவபாடாணம் என்ற பெயரில் மணியும் மாலையும் விற்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் குழைப்பதே குற்றமாகிவிடாது. அறிவியலின் எந்தப் பகுதியோடு குழைக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். பழனி மலைத்தொடரின் உச்சியில், கோடைக்கானலில், இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று குறிஞ்சி ஆண்டவர் கோயில். சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து இந்துவாக மாறி லீலாவதி என்று பெயர் கொண்ட வெள்ளைக்காரப் பெண்மணி 1936இல் எழுப்பியது. மேகம் விலகினால் அங்கிருந்து கீழே பழனி தெரியும். இன்னொன்று அதைவிடப் பழையது, 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம். நூறாண்டுக்கும் மேலாக, வானம் தெளிந்த நாளிலெல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் கண்ணாடித் தகடுகளில். சூரியனின் முகத்தில் இருக்கும் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடுகிறது என்பதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டது அங்கேதான். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. அப்பழுக்கில்லாத வானத்தில் கறை இருக்க முடியாது என்று ஐரோப்பா ஒருகாலத்தில் கலிலியோவோடு சண்டை போட்ட அதே கறை. எவர்ஷெட் அதை மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. நிறமாலைமானியில் கண் வைத்து அளந்தார். காலையில் கூடம் திறந்து, தகடு மாட்டி, தேதி குறித்து, மறுநாளும் அதையே செய்வது அர்ச்சகரின் வேலைக்கு ரொம்பத் தூரமில்லை. நம் படங்களில் விஞ்ஞானி ஒரு பாட்டு முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுகிறான். அறிவியலின் அற்புதத்தைத் தெய்வத்தோடு சேர்த்தால் பகுத்தறிவாளர் அஞ்சுவது நடக்கும். அதன் நியமத்தைச் சேர்த்தால் நடக்காது. சித்தர் மரபிலும் குளிகையைவிடப் புடத்துக்குத்தான் நாள் அதிகம் பிடித்தது.

‘எந்திரன்’ முடிவில் கழற்றப்பட்ட சிட்டி 2030இல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுற்றுலா வந்த பள்ளிச் சிறுமி, ஏன் உன்னைப் பிரித்தார்கள் என்று கேட்க, யோசிக்க ஆரம்பித்துவிட்டேன் என்ற பொருளில் பதில் சொல்கிறது. (கோடைக்கானல் சரிவுகளில் குறிஞ்சி அடுத்துப் பூக்க வேண்டிய வருஷமும் 2030.) அந்த ஆண்டு வரை காத்திருக்கச் சந்தைக்குப் பொறுமை இல்லை. 2018இல் ‘2.0’ வந்தது, சிட்டியை மறுபடி பூட்டி எடுத்துக் களத்தில் இறக்கினார்கள். இதற்கு ஷங்கரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பழனியில் ஒரே மூர்த்திக்கு ஒரே நாளில் பல அலங்காரம். காலையில் ஆண்டி, மாலையில் ராஜா. ஆண்டிக்கோலப் படத்தை வீட்டில் மாட்டினால் வீடும் ஆண்டியாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் நம்மில் ஏராளம். அடிவாரத்துக் கடையில் சட்டம் போட்ட படம் கேட்டால் கடைக்காரர் எடுத்து நீட்டுவது ராஜ அலங்காரம்தான்.